பாலத்தின் கதையில் விடுபட்டவர்கள்

கொழும்பிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ்கள் பல கித்துல்கலவில் சற்று நேரம் நிற்கும். சாரதியும் நடத்துனரும் தேநீர் குடிப்பார்கள். பயணிகள் இறங்கி முகம் கழுவி, பிள்ளைகளுக்கு வடையோ பணிஸோ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார்கள். சப்ரகமுவ மாகாணத்தின் எல்லை முடிந்து மத்திய மாகாணம் தொடங்குவதற்கு முன்னால் வரும் ஊர் இது. கீழே களனி கங்கை, மேலே றப்பரும் தேயிலையும். மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இது வெறும் தரிப்பிடம்தான். சுற்றுலாப் பயணிகளுக்கோ ஆற்றில் இறப்பர்ப் படகில் போவதற்கும், ஒரு பழைய ஆங்கிலப் படத்தின் பாலம் நின்ற இடத்தைப் பார்ப்பதற்கும் உரிய இடம்.

அண்மையில் அவிசாவளையில் பஸ் ஏறியபோது என் பக்கத்தில் கிளிநொச்சியிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார். மடியில் பிளாஸ்டிக் பையொன்றை இறுகப் பிடித்திருந்தார். பேச்சுக் கொடுத்தபோது அவரும் கித்துல்கலவில்தான் இறங்குகிறார் என்று தெரிந்தது. அவருடைய தாய் பிறந்தது இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1977 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு தாயும் தகப்பனும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வன்னிக்குப் போனவர்கள். தாயின் அக்கா மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். அந்தப் பெரியம்மாவிடம்தான் இவர் இப்போது போகிறார்.

"எதுக்கு அக்கா இந்த மழையில தனியா வாறீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு படம் எடுக்கணும் மிஸ். பெரியம்மா வீட்டுல இருக்கு" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைச் சுவரில் ஒரு படம்

கித்துல்கலவில் இறங்கியபோது மழை ஊற்றிக்கொண்டிருந்தது. இலங்கையில் மழை அதிகமாகப் பெய்யும் இடங்களில் இதுவும் ஒன்று. தோட்டத்துக்கு ஏறும் பாதையில் கால் வைக்க முடியாது. தேநீர்க் கடையொன்றில் ஒதுங்கிப் பிளேன்ரீ குடித்தோம். கடைக்காரர் சிங்களவர். நாங்கள் நனைந்திருப்பதைக் கண்டு அடுப்புப் பக்கமாக வாங்கைப் போட்டுத் தந்தார். அந்தக் கடையின் சுவரில் மங்கிப்போன ஒரு படம் தொங்கியது. ஆற்றுக்கு மேலே பெரிய மரப்பாலம்.

"மிஸ், இது இங்க உள்ள பாலமா? வரும்போது காணலியே" என்று அக்கா கேட்டார்.

"இப்ப இல்ல அக்கா. சினிமாவுக்காகக் கட்டி, சினிமாவுக்காகவே வெடி வச்சு உடைச்சிட்டாங்க" என்றேன்.

நான் சொன்னது உண்மைதான். டேவிட் லீன் என்ற ஆங்கில இயக்குநர் 'குவாய் நதிப் பாலம்' என்ற படத்தை எடுப்பதற்காக இங்கு வந்தார். யானைகளைக் கொண்டு மரங்களை இழுத்து, மாதக்கணக்கில் வேலை செய்து, களனி கங்கைக்குக் குறுக்கே அந்தப் பாலத்தைக் கட்டினார்கள். 1957 மார்ச் மாதத்தில் உண்மையான புகையிரதமொன்றை அதன்மேல் ஓட்டி, வெடிவைத்துத் தகர்த்துப் படம் பிடித்தார்கள். அதே வருடம் வெளியான அந்தப் படத்துக்குச் சிறந்த படத்துக்கான விருது உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. இன்று ஆற்றோரத்தில் அத்திவாரக் கொங்கிறீற்றுத் துண்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பார்க்க இன்னமும் வெளிநாட்டார் வருகிறார்கள்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப உண்மையான பாலம் எங்க இருக்கு? அங்க ஆக்கள் செத்தாங்களா?"

வாசக சகோதரிகளே, இந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. கித்துல்கலவைப் பல தடவை கடந்து போயிருக்கும் நம்மில் அநேகருக்கு அந்தப் படத்தின் பெயர் தெரியும். அந்தக் கதையில் விடுபட்டவர்கள் நம்முடைய உறவினர்கள் என்பது தெரியாது.

தோட்டத்தை விட்டுப் போனவர்கள்

நம்முடைய முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்டு வந்தவர்கள். மண்டபம், தலைமன்னார் வழியாக இலங்கைக்கு ஒரு கூட்டம் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கு வழியாக மலாயாவுக்கு இன்னொரு கூட்டம் போனது. ஒரே ஊர், ஒரே குடும்பம். அண்ணன் இங்கே கொழுந்துத் தோட்டத்தில், தம்பி அங்கே றப்பர்த் தோட்டத்தில். அப்படிப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அதே வருடம் ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. ஆனால் இலங்கையில் அவர்கள் தரையிறங்கவில்லை. இங்கிருந்த அண்ணன் தப்பினார். அங்கிருந்த தம்பி அகப்பட்டுக்கொண்டார்.

மலாயாவில் றப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை இல்லை. அரிசி இல்லை. உடுக்கத் துணியில்லாமல் சாக்கைச் சுற்றிக்கொண்ட காலம் அது. அப்போது ஜப்பானியர்கள் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்துக் காட்டு வழியாகப் புகையிரதப் பாதை போடத் தொடங்கினார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீற்றர். சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். ஆகவே இதனைச் சயாம் பாதை என்றும், மரண ரயில்பாதை என்றும் தமிழர் சொல்வார்கள்.

முதலில் நல்ல கூலி, அரிசி, சில மாத வேலை என்று சொல்லி ஆள் திரட்டினார்கள். போனவர்கள் திரும்பி வராததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தபோது பலவந்தம் தொடங்கியது. தோட்டத்துக்கு லொறி வரும், இத்தனை பேர் வேண்டும் என்பார்கள், ஏற்றிக்கொண்டு போவார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, சனம் நிறைந்ததும் கதவைப் பூட்டி அப்படியே ஏற்றிச் சென்றார்கள் என்றும் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆண்கள் மட்டும் போகவில்லை. குடும்பம் குடும்பமாகப் பெண்களும் பிள்ளைகளும் போனார்கள்.

படத்தில் நாம் காண்பது பிரித்தானியப் போர்க்கைதிகளை. அவர்கள் பட்ட துன்பம் பொய்யல்ல. பிரித்தானியர், அவுஸ்திரேலியர், ஒல்லாந்தர், அமெரிக்கர் என அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் அவர்களைப்போல மூன்று மடங்குக்கும் அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவாக்காரர், மலாயர், சீனர். இவர்களில் இறந்தோர் தொகை சுமார் 90,000 என்று மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தோட்டத் தமிழர்கள்.

ஏன் இவர்களில் அதிகம் பேர் இறந்தார்கள் என்பதை நாம் யோசிக்க வேண்டும். கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், வைத்தியர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும், மலசலகூடத்தைத் தூரத்தில் வெட்ட வேண்டும் என்று ஒழுங்குபடுத்த ஆட்கள் இருந்தார்கள். நம்முடைய சனத்துக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. 1943 மழைக்காலத்தில் கொலரா பரவியபோது கூடாரம் கூடாரமாகச் செத்தார்கள். மலேரியா, வயிற்றோட்டம், காலில் ஆறாத புண். 1943 ஒக்டோபர் 17ஆம் திகதி பாதை முடிந்தது. தோட்டத்தில் காத்திருந்த மனைவிமாருக்கு ஒரு தந்தியும் வரவில்லை.

ஏரிக்கரையில் ஓர் இரவு

2018இல் தாய்லாந்தில் நடந்த பெண்களுக்கான பயிற்சியொன்றுக்குப் போனபோது இந்தப் பாதையின் ஒரு பகுதியைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. காஞ்சனபுரி என்ற நகரத்தில்தான் உண்மையான பாலம் இருக்கிறது. இரும்புப் பாலம். 1945இல் நேச நாட்டு விமானங்கள் அதனைக் குண்டு போட்டு உடைத்தன. பிறகு திருத்தினார்கள். இன்றும் அதன்மேல் ரயில் ஓடுகிறது. ஒரு வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாலம் குவாய் நதியின் மேல் கட்டப்படவில்லை. அது மே குளோங் ஆறு. படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் குவாய் நதி எங்கே என்று கேட்டதால் 1960களில் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள். ஒரு சினிமாவுக்காக ஆற்றின் பெயர் மாறும். செத்தவர்களின் பெயரோ எழுதப்படாமலே கிடக்கும்.

காஞ்சனபுரியிலிருந்து பர்மா எல்லையை நோக்கிப் போகும் வழியில் இரவு தங்கிய ஊர் சங்க்லாபுரி. ஏரிக்கரையில் அமைந்த சிறிய ஊர். எல்லையிலுள்ள மூன்று பகோடாக் கணவாய்க்குப் போகிறவர்கள் இங்கேதான் தங்கிப் போவார்கள். நம்முடைய கித்துல்கலவைப்போல அதுவும் ஒரு தரிப்பிடம். சாப்பாட்டுக் கடைகள், ஏரியைப் பார்த்த சிறு விடுதிகள், படகுக்காரர்கள். அக்கரையில் மொன் இன மக்களின் குடியிருப்பு. இரண்டு கரைகளையும் நீண்ட மரப்பாலமொன்று இணைக்கிறது. காலையில் அந்தப் பாலத்தின்மேல் பெண்கள் தலையில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு வருவார்கள். கன்னத்தில் சந்தனம் போன்ற தனக்கா பூசியிருப்பார்கள். பிக்குமாருக்குச் சோறு போடுவார்கள். 2013 வெள்ளத்தில் பாலத்தின் நடுப்பகுதி அடித்துச் செல்லப்பட்டபோது ஊராரே கூடி முதலில் மூங்கிலால் மிதவைப் பாலம் போட்டுக்கொண்டார்கள்.

இந்த மொன் மக்கள் பர்மாவில் நடந்த யுத்தத்தினால் எல்லை தாண்டி வந்தவர்கள். லுவாங் போ உத்தமா என்ற பிக்கு அவர்களை இங்கே குடியமர்த்தினார். 1984இல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது அவர்கள் கட்டிய ஊரும் விகாரையும் தண்ணீருக்குள் போயின. இரண்டாம் தடவையாக ஊரை இழந்து, மேட்டிலே மறுபடி குடியேறினார்கள். நான் போனது ஏப்ரல் மாதம். நீர்மட்டம் இறங்கிப் பழைய விகாரையின் சுவர்கள் வெளியே தெரிந்தன. படகில் போய்ச் சேற்றில் இறங்கி, கூரையில்லாத அந்த மண்டபத்துக்குள் நின்று பூ வைத்துக் கும்பிடுகிறார்கள்.

எனக்கு உடனே மஸ்கெலியா ஞாபகம் வந்தது. கித்துல்கலவில் ஓடும் களனி கங்கை, மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து உண்டானது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காக 1969இல் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் விடப்பட்டது. வரட்சி வந்தால் பழைய கோயில் தலைகாட்டும். தோட்டத்துச் சனம் நடந்துபோய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வரும். சாமியை மேட்டுக்குக் கொண்டுவந்து வைத்தாலும் பழைய இடத்தை மனம் விடுவதில்லை. இதை வட்டக்கச்சியை விட்டுப் போன பெண்ணுக்கும் முள்ளிவாய்க்காலை விட்டு வந்த பெண்ணுக்கும் நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலை விடுதியில் சமையல் செய்யும் மொன் பெண்ணொருவர் எங்களோடு வந்து இருந்தார். எங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் நான் எந்த நாடு என்று விசாரித்தார். பிறகு ஏரியைக் கையால் காட்டிச் சொன்னார்: "அந்தப் பக்கம் தண்ணீருக்குக் கீழேதான் பழைய ரயில்பாதை. வேலை செய்து செத்தவர்கள் நிறையப் பேர். உங்களைப்போல முகம் உள்ளவர்களும் என்று கிழவர்கள் சொல்வார்கள்."

உண்மைதான். எல்லையை அண்டிய இந்தப் பகுதியில்தான் கொலரா மிக மோசமாக இருந்தது. அந்தப் பாதையின் ஒரு துண்டு இப்போது ஏரிக்கு அடியில் இருக்கிறது. அதன் ஓரத்தில் புதைக்கப்பட்டவர்களும் அங்கேதான் இருப்பார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெயருள்ள கல்லும் பெயரில்லாத மண்ணும்

திரும்பி வரும் வழியில் காஞ்சனபுரி யுத்த மயானத்துக்குப் போனேன். ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒரு சருகு இல்லாமல் துப்புரவாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு. பெயர், வயது, இறந்த திகதி. சிலவற்றில் தாயோ மனைவியோ எழுதிக் கொடுத்த இரண்டு வரி. 22 வயது, 24 வயது, 31 வயது. யாரோ பெற்ற பிள்ளைகள். நின்று கும்பிட்டேன்.

யுத்தம் முடிந்ததும் பிரித்தானிய அரசு ஆட்களை அனுப்பிப் பாதை நெடுகிலும் தேடி, கைதிகள் காட்டில் புதைத்துக் குறித்துவைத்த குழிகளைத் தோண்டி, எலும்புகளைக் கொண்டுவந்து இங்கே வைத்தது. அது எப்படி முடிந்தது? கைதிகள் மறைவாகப் பெயர்ப்பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். யார், எந்தத் திகதி, எந்த முகாம், எந்த மரத்தடி என்று துண்டுக் கடதாசியில் எழுதிப் போத்தலில் போட்டுப் புதைத்தும் வைத்தார்கள்.

நம்முடைய சனத்திடம் அப்படியொரு பட்டியல் இருக்கவில்லை. எழுதத் தெரிந்தவர் குறைவு. கடதாசியும் இல்லை. எழுதினாலும் கேட்க ஓர் அரசு இல்லை. 1944இல் ஜப்பானியப் படையே பாலத்துக்கு அருகில் ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அதிலுள்ள மொழிகளில் தமிழும் ஒன்று. ஆனால் அதில் ஆட்களின் பெயர் கிடையாது. 1990இல் காஞ்சனபுரியில் கரும்புத் தோட்டமொன்றில் பெருந்தொகையான எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்பட்டன. எந்தத் தாயின் பிள்ளை என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

மலேசியத் தமிழர்கள் இதை மறக்கவில்லை. ஆர். சண்முகம் என்ற எழுத்தாளர் 'சயாம் மரண இரயில்' என்ற நாவலை எழுதினார். பிழைத்து வந்த முதியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வாயால் சொல்வதைப் பதிவு செய்த ஆவணப்படமும் வந்தது. 2023இல் காஞ்சனபுரி விகாரையொன்றில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் நாட்டினார்கள். நான் போனபோது அது இருக்கவில்லை. 80 வருடம் கழித்தாவது ஒரு கல் கிடைத்தது. அதற்காக உழைத்தவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

பேர் தெரியாத தாத்தா

இவற்றையெல்லாம் மழைவிடும் வரை அந்தத் தேநீர்க் கடையில் அக்காவுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"எங்க தாத்தாவுக்கு அண்ணன் ஒருத்தர் மலாயாவுக்குப் போனாராம். முதல்ல காசு வந்துச்சாம், கடுதாசி வந்துச்சாம். சண்டைக்குப் பிறகு ஒன்னுமே இல்லையாம்."

"அவரு பேரு என்ன அக்கா?"

"தெரியாது மிஸ். மலாயாத் தாத்தான்னுதான் அம்மா சொல்லும்."

சொல்லிவிட்டு அந்தப் பிளாஸ்டிக் பையைத் திறந்தார். உள்ளே பைல் ஒன்று. முறைப்பாடு கொடுத்த துண்டுகள், கடிதப் பிரதிகள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். கணவரை அவர் கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், வட்டுவாகல் பாலத்தடியில். மகனுக்கு அப்போது நாலு வயது. இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிறான். அப்பாவின் முகம் அவனுக்கு ஞாபகமில்லை. பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி மாறியதில் ஒரு படமும் மிஞ்சவில்லை. பைலிலுள்ள ஒரே படம் அடையாள அட்டையின் போட்டோப்பிரதி. அதில் முகம் கறுப்பாகத்தான் தெரிகிறது.

"கலியாணத்துக்குப் பெரியம்மா வந்தாங்க மிஸ். பாதை திறந்த நேரம். அப்ப ஒரு படம் குடுத்துவிட்டோம். அது லயத்துல மாட்டியிருக்குன்னு போன்ல சொன்னாங்க."

ஏ9 பாதை 2002இல் திறந்தது. அந்தச் சமாதான காலத்தில்தான் எத்தனையோ குடும்பங்கள் ஒன்றையொன்று கண்டன. அந்தப் படத்துக்காகத்தான் இந்தப் பயணம்.

மழை விட்டதும் நானும் கூடப் போனேன். பெரியம்மாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. கொழுந்து பறித்து முதுகு வளைந்துவிட்டது. லயத்துக் காம்பராவின் உட்சுவரில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட கலியாணப் படம். மாலையும் கழுத்துமாக இருவர். அக்கா கையால் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு இருந்து அழுதார். பெரியம்மா, "அழு, அழுதுட்டுச் சாப்பிடு" என்று தலையைத் தடவிக் கொடுத்தார்.

சாப்பிட்ட பிறகு அக்காவே கேட்டார்: "பெரியம்மா, மலாயாத் தாத்தாவுக்கு என்ன பேரு?"

கிழவி யோசிக்கவே இல்லை. உடனே சொன்னார். அவருடைய பெயர், தகப்பன் பெயர், திருச்சிப் பக்கத்து ஊரின் பெயர், கலியாணம் முடிக்காமல் போனவர் என்பது வரை சொன்னார். "யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அந்தக் குடும்பத்துக்கு உரியது. அவர் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டாரா, வேறெங்காவது இறந்தாரா என்பதற்கு அத்தாட்சி எதுவும் இல்லை. ஆனால் அக்கா பைலிலிருந்து ஒரு வெறும் தாளை எடுத்து அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே தன் கணவரின் பெயரையும் எழுதினார்.

அடுத்த நாள் படத்தை யட்டியாந்தோட்டையில் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோய் மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று மகனுக்கு, ஒன்று பைலுக்கு, ஒன்று மறுபடி லயத்துச் சுவருக்கு.

நாம் செய்யக்கூடியது

சகோதரிகளே, இந்தக் கதையை உங்களை அழவைப்பதற்காக எழுதவில்லை. காஞ்சனபுரியில் ஏழாயிரம் பேருக்குப் பெயருள்ள கல் இருக்கிறது, தொண்ணூறாயிரம் பேருக்கு இல்லை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. வெள்ளையருக்கு அரசு இருந்தது, நமக்கு இருக்கவில்லை என்பது பெரிய காரணம். அதை நாம் தனியாக மாற்ற முடியாது. ஆனால் எழுதி வைத்தவர்களைத் தேடக்கூடியதாக இருந்தது என்பதும் ஒரு காரணம். இது நம்முடைய கையில் இருக்கிறது.

காணாமற்போன ஒருவருக்காகக் காத்திருக்கும் பெண்கள் செய்யக்கூடியவை சில:

முதலாவது, ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதுங்கள். முழுப்பெயர், வேறு பெயர் இருந்தால் அதுவும், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட இடம், நாள், நேரம், உடுத்திருந்த உடை, உடலிலுள்ள தழும்பு, மச்சம், முறிவு. அப்போது கூட நின்றவர்கள் யார் என்பதையும் எழுதுங்கள். இன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். அதனால் பிள்ளைக்கும் கதை தெரியவரும்.

இரண்டாவது, எந்த அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் மூலப் பிரதியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். போட்டோப்பிரதியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்றாவது, பிரதிகளை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். வெள்ளமும் தீயும் இடப்பெயர்வும் நமக்குப் புதிதல்ல. தூரத்து ஊரிலுள்ள ஓர் உறவினரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். அந்த அக்காவுக்கு உதவியது பெரியம்மாவின் சுவர்தான்.

நான்காவது, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவாக்கப்பட்டு, யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு ஆகிய இடங்களில் அதன் பிராந்திய அலுவலகங்கள் திறக்கப்பட்டன. அதே வருடத்தில் வந்த இன்னொரு சட்டம், இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் பதிந்து தரும் சான்றிதழுக்கு வழி செய்தது. காணி, வங்கிக் கணக்கு, உதவிப்பணம் போன்ற காரியங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். சான்றிதழ் வாங்கினால் தேடுவதை விட்டதாகிவிடும் என்று பயந்து பலர் வாங்காமல் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் பலர், தமக்குத் தேவை பதில்தான், சான்றிதழ் அல்ல என்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமானது. வாங்குவதும் விடுவதும் உங்கள் முடிவு. யாரும் உங்களை வற்புறுத்த முடியாது. ஆனால் விபரம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கடைசியாக, வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேளுங்கள். மலாயாவுக்குப் போனவர் யார், 1977இல் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தோம், 1983இல் யாரை இழந்தோம் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லாமல் இருப்பது மறந்துபோனதால் அல்ல. நாம் கேட்காததால்.

அந்த அக்காவைக் கித்துல்கலவில் பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் வரும்வரை அதே தேநீர்க் கடையில் இருந்தோம். அவர் சுவரிலிருந்த பாலத்தின் படத்தை மறுபடி பார்க்கவில்லை. பையைத் திறந்து கலியாணப் படத்தை எடுத்துக் கடைக்காரரிடம் காட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, "மஹத்தயா?" என்று கேட்டார்.

அக்கா தலையாட்டினார். பிறகு கணவரின் பெயரைச் சொன்னார்.